ஆவணி மாத அறிக்கை

போதகர் ஐயாவுக்கு,
தேறாங்கண்டலில் இருந்து சலோமி.
மிசன் கந்தோர் அனுப்பிய படிவத்தில் ஐந்து நிரல்.
முடிந்தவரை நிரப்பியிருக்கிறேன்.

சந்தித்த வீடுகள்: பதினொன்று.
அதில் ஒரே வீட்டுக்கு ஏழு தடவை.
அப்படிக் கணக்கெடுக்கலாமோ தெரியாது.

கொடுத்த துண்டுப்பிரசுரம்: இருநூறு.
இது முழுப் பொய்யில்லை.
மல்லாவி பஸ் நிலையத்துக் கச்சான்காரி
சுருள் சுற்றக் கடதாசி இல்லாமல் நின்றாள்,
கட்டோடு கொடுத்துவிட்டேன்.
பின்னேரம் ஒரு பொடியன்
தின்று முடித்த சுருளை விரித்து
முகத்துக்குக் கிட்டப் பிடித்தான்.
வாசித்தானோ, உப்பை நக்கினானோ,
தூரத்தில் சரியாய்த் தெரியவில்லை.

செபக் கூட்டம்:
வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.
அந்த வியாழன் கேதீஸ்வரனுக்குக் கால்நகம் வெட்டினேன்.
பெரிய வியாழன் அல்ல, ஆவணியின் வெறும் வியாழன்.
இரண்டு கையும் முழங்கையோடு போன மனிதர்,
மனைவி குவைத்தில் வீட்டுவேலை.
நகம் சதைக்குள் வளைந்து
வயல் சேறு கறுத்துக் கிடந்தது.
"வெட்டுறதெண்டால் வெட்டு.
செபம் கிபம் பண்ணினால் காலை இழுத்துப்போடுவன்."
வாயை மூடிக்கொண்டு வெட்டினேன்.
சின்னவிரலில் கொஞ்சம் இரத்தம் வந்தது, என் பிழை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மற்றக் காலை நீட்டினார்.

செவ்வாய் லோன்காரர் வரும் நாள்.
மோட்டார் சைக்கிள் குளக்கட்டில் ஏறும்போதே
கௌரிமலர் என் குசினிக்குள் ஓடிவந்து
விறகுக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள்.
படலையில் நின்று சொன்னேன்:
அவ வவுனியாவுக்குப் போட்டா.
ஐயா, இதைப் பாவ அறிக்கையாய் எடுப்பதா
ஊழிய அறிக்கையாய் எடுப்பதா
நீங்களே தீர்மானியுங்கள்.

சத்தம் போன பிறகும் அவள் எழும்பவில்லை.
அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"அக்கா, ஏன் எனக்கு இதெல்லாம் செய்யிறியள்?"
பயிற்சியில் நீங்கள் சொல்லித்தந்த அதே கேள்வி.
கதவு திறக்கும், அப்போது பேசு என்றீர்கள்.
பதிலும் வசனமும் நாக்கு நுனிக்கு வந்தன.
அந்த நேரம் பார்த்துச் சோறு பொங்கியது.
"மூடியைத் தூக்கடி, பொங்குது" என்றேன்.
தூக்கினாள்.
கருவாட்டோடு இருவரும் சாப்பிட்டோம்.
அவள் திரும்பக் கேட்கவில்லை.

இராசமலருக்கு எழுத்துத் தெரியும்,
இப்போது கண்தான் தெரியாது.
மகனைப் பற்றி இன்னொரு படிவம், இன்னொரு கந்தோருக்கு.
இது ஒன்பதாவது என்றா.
வயது என்ற இடத்தில் பேனை நின்றது.
"பத்தொன்பது எண்டு போடு.
இல்லை, பொறு. இப்ப முப்பத்தஞ்சு."
கடைசியாகக் கண்ட இடம்: வட்டுவாகல்.
கடைசியாக என்ன சொன்னான் என்று
படிவம் கேட்கவில்லை.
அவ சொன்னா, நான் ஓரத்தில் எழுதினேன்:
தண்ணிக் கானைத் தாங்கோ அம்மா, நான் தூக்கிறன்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் பார்த்தேன்.
உங்கள் படிவத்துக்கும் ஓரம் இருக்கிறது.
அதில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்,
எழுத்துச் சிறியது, பொறுத்துக்கொள்ளவும்.

புதிய ஆத்துமாக்கள்: பூச்சியம்.

தேவைகள்:
பிரசுரம் இனி வேண்டாம்.
சைக்கிளுக்கு இருபத்தாறு இஞ்சி ரியூப் ஒன்று.
நகவெட்டி ஒன்று, பெரியது;
கேதீஸ்வரனின் பெருவிரல் நகம் பாலைமரப் பட்டை.
மாரி தொடங்கமுன் கிடைத்தால் நல்லது.

செபத்தில் நினைக்க வேண்டியவர்கள் என்று
கீழே சின்னதாய் ஒரு கோடு விட்டிருக்கிறீர்கள்.
அந்த லோன்காரப் பொடியனைப் போடுங்கள்.
பெயர் கேட்கவில்லை.
போன செவ்வாய் வெயிலுக்குள் படலையில் நின்று
தண்ணி கேட்டான்.
செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தேன்,
அண்ணாந்து முழுவதும் குடித்தான்.
குசினிக்குள் கௌரிமலர்
மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.